மஞ்சள் தண்டு, சிவப்புத் தண்டு: ஃபிளிக்கர் மரங்கொத்தி ஓர் இனமா, இரண்டா?

வட அமெரிக்காவின் ராக்கி மலைகளில் பிறந்து, நெப்ராஸ்கா மாநிலத்தின் புல்வெளியைக் குறுக்காகக் கடந்து, மிசூரி ஆற்றில் போய்ச் சேர்கிறது பிளாட் ஆறு. சுற்றிலும் புல்லும் வயலுமாகக் கிடக்கும் அந்த நாட்டில் மரம் என்று வரிசையாக நிற்பது ஆற்றங்கரையில்தான். பெரும்பாலும் காட்டன்வுட் மரங்கள். அந்த மரவரிசையின் கிழக்குக் கோடியில் ஒரு ஃபிளிக்கர் மரங்கொத்தி எழும்பிப் பறந்தால், இறக்கையின் அடிப்பக்கம் நல்ல மஞ்சளாக மின்னும். ஆற்றை எதிர்த்து மேற்கே போய்க்கொண்டே இருங்கள். கொலராடோவின் மலையடிவாரத்தை நெருங்கும்போது அதே பறவையின் இறக்கை பழுத்த பப்பாளியின் சதைபோலச் சிவந்து மின்னும். நடுவே இருக்கும் பறவைகள் எந்தப் பக்கத்தோடும் சேராதவை. ஒன்றுக்கு இறக்கை ஆரஞ்சு. இன்னொன்றுக்கு இறக்கை சிவப்பு, மீசை மட்டும் கறுப்பு.

அந்த நடுப்பகுதிதான் இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு. பார்த்தால் இரண்டு பறவை. மரபணுவைப் படித்தால் ஏறக்குறைய ஒன்று. இந்த முரண்பாட்டை அவிழ்க்கப் பறவையியல் நூறாண்டுக்கு மேல் செலவிட்டிருக்கிறது.

பறவை எப்படிப்பட்டது

மரங்கொத்தி என்றதும் மரத்தில் செங்குத்தாக ஒட்டிக்கொண்டு பட்டையைக் கொத்தும் பறவைதான் நம் மனதில் வரும். ஃபிளிக்கர் மரத்தில் பொந்து குடைந்து முட்டையிடும். ஆனால் இரை தேடுவது பெரும்பாலும் தரையில். அதற்கு எறும்பு என்றால் உயிர். மண்ணைக் கிளறி, அலகுக்கு வெளியே ஏறக்குறைய 5 செ.மீ. நீளும் நாக்கால் எறும்புகளை நக்கி எடுக்கும். ஒரே பறவையின் வயிற்றில் 5,000-க்கு மேல் எறும்புகள் இருந்ததாகப் பதிவு உண்டு. நம்மூர் மைனாவைவிடப் பெரிய உடல், 30 செ.மீ. அளவு நீளம், பழுப்பு முதுகில் கறுப்பு வரிகள், வெளிறிய வயிற்றில் கறுப்புப் பொட்டுகள், மார்பில் பிறை போல ஒரு கறுப்புப் பட்டை. இவை கிழக்கு, மேற்கு இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் ஆறு இடங்களில் இருக்கிறது. இறகின் நடுவே ஓடும் தண்டு (அதோடு இறக்கையின் அடிப்பக்கமும்) கிழக்கில் மஞ்சள், மேற்கில் சிவப்பு. கிழக்குப் பறவைக்குப் பிடரியில் சிவப்புப் பிறை உண்டு; மேற்குப் பறவைக்குக் கிடையாது. கிழக்கில் தொண்டையும் கன்னமும் இளம்பழுப்பு, உச்சந்தலை சாம்பல். மேற்கில் அப்படியே தலைகீழ், தொண்டையும் கன்னமும் சாம்பல், உச்சந்தலை பழுப்பு. ஆண் பறவையின் அலகடியிலிருந்து கன்னத்தில் இறங்கும் மீசைக்கோடு கிழக்கில் கறுப்பு, மேற்கில் சிவப்பு.

இந்த ஆறையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். இவற்றில் சில, சிவப்பு, மஞ்சள் தரும் கரோட்டினாய்டு நிறமிகளால் வருபவை. சில, கறுப்பு, பழுப்பு தரும் மெலனினால் வருபவை. உடலில் இந்த இரண்டும் வேறு வேறு வழியில் உருவாகின்றன. கரோட்டினாய்டைப் பறவை தானே உண்டாக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். மெலனினைத் தன் உடலிலேயே செய்துகொள்ளும். அப்படியிருக்க, இந்த ஆறு அடையாளங்களும் ஏன் ஒன்றாகச் சேர்ந்தே மாறுகின்றன? இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெயர் வைத்த கதை

1843-ல் ஓவியரும் பறவையியலாளருமான ஆடுபன் மிசூரி ஆற்றில் மேல்நோக்கிப் பயணம் போனார். மிசூரியும் யெல்லோஸ்டோனும் சேரும் இடத்துக்கு அருகே உள்ள யூனியன் கோட்டைப் பகுதியில் அவர் கண்ணில் பட்ட ஃபிளிக்கர்கள் அவரைக் குழப்பின. மஞ்சள் தண்டுப் பறவைக்குச் சிவப்பு மீசை. அதைப் புது இனம் என்று நினைத்து, பிகஸ் அய்ரெசி என்று பெயர் வைத்தார். 1858-ல் ஸ்பென்சர் பேர்டு இவற்றைக் கலப்பினம் என்று எடுத்துக்கொண்டு கொலாப்டெஸ் ஹைபிரிடஸ் என்றார். 1892-ல் ஜே. ஏ. ஆலன் அருங்காட்சியகங்களில் பதப்படுத்தி வைத்த பறவைத் தோல்களைக் குவித்து வைத்து ஒப்பிட்டு, இவை கிழக்கும் மேற்கும் பரந்த அளவில் கலந்து பெற்ற பறவைகள் என்று விரிவாக எழுதினார்.

மேற்குப் பறவையின் பெயரிலும் ஒரு பிழை ஒட்டிக்கொண்டது. 1788-ல் கிமெலின் அதற்கு 'கஃபெர்' என்று பெயர் வைத்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த பறவை என்று தவறாக நினைத்ததால் வந்த பெயர் அது. வட அமெரிக்காவைத் தாண்டாத பறவை, ஒரு குறிப்பேட்டுத் தவறால் இரு நூறாண்டுக்கு மேல் ஆப்பிரிக்கப் பெயரைச் சுமந்தது. அந்தச் சொல் அங்குள்ள கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் வசையாகவும் மாறிப்போனதால், அது கைவிடப்படுவது சரியென்றே நினைக்கிறேன்.

நீண்ட காலம் இரண்டும் தனி இனங்களாகவே பட்டியலில் இருந்தன. 1973-ல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கம் இரண்டையும், கூடவே சோனோரப் பாலைவனத்தின் கில்டெட் ஃபிளிக்கரையும் சேர்த்து ஒரே இனமாக்கியது. 1995-ல் கில்டெட் மறுபடி தனியானது. மஞ்சளும் சிவப்பும் இன்றும் ஒரே இனம்தான்: வடக்கு ஃபிளிக்கர்.

நிற்கும் எல்லை

இந்தப் பிரிவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் பனியுகம். வட அமெரிக்காவின் வடபாதியைப் பனிப்பாளங்கள் மூடியிருந்த காலத்தில் காடுகள் துண்டாகின. கிழக்கே ஒரு கூட்டம், மேற்கே ஒரு கூட்டம் என ஃபிளிக்கர்கள் பிரிந்து வாழ்ந்தன. தனித்தனியே நிறம் மாறின. பனி விலகியதும் காடு பரவியது, பறவைகளும் பரவின, மலைக்குக் கிழக்கே சமவெளியில் சந்தித்தன. டெக்சஸின் வடமுனையிலிருந்து ராக்கி மலைகளின் கிழக்கு ஓரமாகவே ஏறி, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வழியாக அலாஸ்காவின் தென்பகுதி வரை ஆயிரக்கணக்கான கி.மீ. நீளத்துக்கு, இரண்டும் கலந்து வாழும் கலப்பு மண்டலம் ஓடுகிறது. அகலம் அதோடு ஒப்பிட்டால் குறுகலானது: சில நூறு கி.மீ.

சில நூறு கி.மீ. ஏன் குறுகல்? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடலாம். கலப்புக்கு எந்தத் தடையும் இல்லை, நிறத்தால் லாபமும் இல்லை நட்டமும் இல்லை என்றால், மண்டலம் தலைமுறைக்குத் தலைமுறை அகன்றுகொண்டே போக வேண்டும். அந்த அகலம், குஞ்சு பிறந்த இடத்துக்கும் அது வளர்ந்து கூடு கட்டும் இடத்துக்கும் உள்ள தூரத்தின் இரண்டரை மடங்கை, கடந்த தலைமுறைகளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் கிடைக்கும். தூரம் வெறும் 20 கி.மீ., தலைமுறைகள் 5,000 என்று வைத்தால் ஏறக்குறைய 3,500 கி.மீ. வருகிறது. கண்டத்தின் பெரும்பகுதி ஆரஞ்சு இறக்கையோடு பறந்திருக்க வேண்டும். வலசை போகும் பறவைக்கு 20 கி.மீ. என்பதே குறைத்து எடுத்த எண். ஆகவே ஏதோ ஒன்று இந்த எல்லையை இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது.

இதை ஒழுங்காக அளக்கத் தொடங்கியவர் லெஸ்டர் ஷார்ட். 1950-களின் நடுவில் பிளாட் ஆற்றோடு போய்ப் பறவைகளைச் சேகரித்தார். ஆறு அடையாளங்களுக்கும் மதிப்பெண் போட்டார். முழுக் கிழக்குச் சாயல் என்றால் ஒரு முனை, முழு மேற்குச் சாயல் என்றால் மறுமுனை. ஒவ்வொரு பறவையும் ஓர் எண்ணாகிவிட்டது. 1965-ல் அவர் வெளியிட்ட அந்த ஆய்வு இன்றும் அடித்தளமாக நிற்கிறது. அவர் பதப்படுத்திய தோல்கள் கார்னெல் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் இழுப்பறைகளில் காத்திருந்தன. அவை மறுபடி வெளியே வரும் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்து வந்தவர் வில்லியம் மூர். 1985-ல் மூரும் புக்கேனனும் பழைய மாதிரிகளையும் புதிய மாதிரிகளையும் ஒப்பிட்டு, மண்டலம் வரலாற்றுக் காலத்தில் அகலவில்லை, நிலையாகவே இருக்கிறது என்று காட்டினர். அப்படியென்றால் அதைப் பிடித்து வைத்திருப்பது எது?

வழக்கமான பதில், கலப்பினக் குஞ்சுகள் பலவீனமானவை என்பது. இரு பக்கத்திலிருந்தும் பறவைகள் வந்துகொண்டே இருக்கும், கலப்புகள் தோற்றுக்கொண்டே இருக்கும், மண்டலம் குறுகலாகவே நிற்கும். மூர் வேறொன்று சொன்னார். புல்வெளிக்கும் மலைக்கும் இடைப்பட்ட அந்தச் சூழலில் கலப்பினங்கள்தான் நன்றாக வாழ்கின்றன. அந்தச் சூழலைத் தாண்டினால் அந்தந்தப் பக்கத்துப் பறவைக்கே கை ஓங்குகிறது. இரண்டு விளக்கமும் ஒரே மாதிரிக் குறுகலான மண்டலத்தைத் தரும், ஆனால் கூட்டுக்குள் எட்டிப் பார்த்தால் வேறு வேறு எண்கள் கிடைக்க வேண்டும்.

எட்டிப் பார்த்தார்கள். மூரும் கோனிக்கும் 1986-ல் வெளியிட்ட ஒப்பீட்டில், இனப்பெருக்கத்தில் கலப்பினங்கள் தூய பறவைகளுக்குப் பின்தங்கியதாகத் தெரியவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரிஸ்கி கிரீக் பகுதியில் கேரன் வீபி 1990-களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் பொந்து பொந்தாகப் பின்தொடர்ந்தார். ஃபிளாக்ஹார்ட்டோடு சேர்ந்து 2009-ல் அவர் வெளியிட்ட முடிவும் அதேதான்: கலப்பால் இனப்பெருக்கத்தில் பாதகம் ஒன்றும் தெரியவில்லை.

ஒரே நிறத்தவை ஒன்றையொன்று தேடிச் சேர்கின்றனவா என்று பார்த்தால், கொஞ்சம் சேர்கின்றன. ரிஸ்கி கிரீக்கில் வீபி 2000-ல் இதைப் பதிவு செய்தார். ஆனால் அந்தச் சாய்வு சுவராக நிற்கும் அளவுக்கு இல்லை. நிறத்தைப் பறவை கவனிக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 1936-ல் நோபல் என்ற ஆய்வாளர் ஒரு பெண் ஃபிளிக்கருக்குச் செயற்கையாக மீசைக்கோடு வைத்தார். அதனோடு சோடி சேர்ந்திருந்த ஆண், போட்டிக்கு வந்த இன்னொரு ஆணென்று நினைத்து அதை விரட்டித் தாக்கியது. மீசையை எடுத்ததும் பழையபடி ஏற்றுக்கொண்டது. ஒரு விரல் நகம் அளவு நிறம், ஆண் யார் பெண் யார் என்பதைத் தீர்மானிக்கிறது. ஆனால் மீசை கறுப்பா சிவப்பா என்பது சோடி தேர்வில் அந்த அளவுக்குக் கறாராக இல்லை.

எனக்குத் தோன்றுவது இது: கூட்டில் எத்தனை குஞ்சு பறந்தது என்று எண்ணுவது வாழ்க்கையின் ஒரு பகுதியைத்தான் அளக்கிறது. வடக்கே வாழும் ஃபிளிக்கர்கள் குளிர்காலத்தில் தெற்கே போகின்றன. கிழக்குப் பறவைகள் தென்கிழக்கு நோக்கியும், மேற்குப் பறவைகள் மேற்குக் கடற்கரை, தென்மேற்கு நோக்கியும். இரண்டு வழிக்கும் நடுவே ஒரு குஞ்சு எந்தத் திசையைப் பிடிக்கும், எத்தனை குஞ்சு திரும்பி வரும் என்பதைக் கூட்டில் எண்ண முடியாது. எல்லையை இழுத்துப் பிடிக்கும் கயிறு பொந்துக்கு வெளியே இருக்கலாம்.

மரபணு என்ன சொன்னது

நிறத்தில் இவ்வளவு வித்தியாசம் இருந்தால் மரபணுவிலும் அதற்கு ஈடாக இருக்கும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். 1987-ல் புரத வேறுபாடுகளை வைத்துப் பார்த்தார்கள். கிழக்கு மேற்கு பிரியவில்லை. 1991-ல் மூரும் சகாக்களும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைப் பார்த்தார்கள். தாய்வழியாக மட்டும் இறங்குவது, வேகமாக மாறுவது, பிரிந்த கூட்டங்களைக் காட்டிக்கொடுப்பதில் பேர்போனது. அதிலும் நிறத்துக்கு ஏற்ற பிரிவு இல்லை. கையில் வைத்திருக்கும் தோலைப் பார்த்து ஐந்து வயதுக் குழந்தைகூடப் பிரித்துவிடும் இரண்டு பறவைகளை ஆய்வுக்கூடத்தால் பிரிக்க முடியவில்லை.

2018-ல் ஸ்டெஃபனி அகிலோனும் கார்னெலைச் சேர்ந்த சகாக்களும் மரபணுத்தொகுதி முழுவதிலிருந்தும் சிதறலாக ஆயிரக்கணக்கான இடங்களை எடுத்துப் படித்தபோதுதான் முதன்முதலாக மஞ்சள், சிவப்பு, கில்டெட் மூன்றும் தனித்தனிக் கொத்துகளாகப் பிரிந்தன. பிரிந்தன, ஆனால் மயிரிழையில்.

2021-ல் அதே அகிலோன், ஜெனிஃபர் வால்ஷ், இர்பி லவெட் இருவரோடும் சேர்ந்து இன்னும் ஆழமாகப் போனார். கலப்பு மண்டலத்துக்கு வெகு தொலைவிலிருந்து 10 மஞ்சள், 10 சிவப்பு; மண்டலத்துக்குள்ளிருந்து 48 கலப்பினங்கள். முழு மரபணுத்தொகுதி. பறவைக்குப் பறவை டி.என்.ஏ. எழுத்து மாறும் இடங்கள் 70 லட்சத்துக்கு மேல் கிடைத்தன. வேறுபாட்டை 0-விலிருந்து 1 வரை அளக்கும் அளவுகோலில் (1 என்றால் முழுப் பிரிவு) இரு பக்கத்துக்கும் சராசரி 0.01-க்கும் கீழே வந்தது. தரை மட்டமான சமவெளி. அதில் அங்கங்கே சில குன்றுகள், அதாவது வேறுபாடு கூடிய துண்டுகள், மட்டும் எழுந்து நின்றன.

கலப்பினங்களின் அருமை இங்கேதான் தெரியும். தூய மஞ்சளையும் தூய சிவப்பையும் மட்டும் ஒப்பிட்டால் ஆறு அடையாளமும் ஒன்றாகவே மாறும். எந்தக் குன்று எந்த அடையாளத்துக்கு என்று சொல்ல முடியாது. பல தலைமுறையாகக் கலந்த பறவைகளில் சீட்டுக்கட்டைக் கலைத்ததுபோல அடையாளங்கள் பிரிந்து கிடக்கின்றன. சிவப்பு மீசையுள்ளவை எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கும் துண்டு எது, பிடரிப் பிறை இல்லாதவற்றில் பொதுவாக இருப்பது எது என்று தனித்தனியாகத் தேடலாம். தேடியபோது கரோட்டினாய்டு வழியிலும் மெலனின் வழியிலும் பங்கு உள்ள பல மரபணுக்கள் அகப்பட்டன. அவற்றில் ஒன்று சி.ஒய்.பி.2ஜே19. மஞ்சள் கரோட்டினாய்டைச் சிவப்பாக மாற்றும் நொதிக்கு உரிய மரபணு இது. 2016-ல் சிவப்புக் கேனரிகளிலும் ஸீப்ரா ஃபிஞ்சுகளிலும் கண்டுபிடிக்கப்பட்டது. முன்பு கையில் வைத்துக்கொள்ளச் சொன்ன கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருக்கிறது. ஆறு அடையாளத்துக்கும் ஒரே பொத்தான் என்று எதுவும் இல்லை. பல பொத்தான்கள் தனித்தனியாக இருக்கின்றன, இருந்தும் கண்டத்தின் இரு பக்கத்திலும் அவை ஒன்றாகவே அழுத்தப்பட்டிருக்கின்றன.

மீதி மரபணுக்கள் எல்லாம் எல்லையைத் தாண்டித் தாராளமாகப் போய்வர, நிறத்துக்குரிய சில துண்டுகள் மட்டும் அந்தந்தப் பக்கத்திலேயே நிற்கின்றன என்பதை வேறெப்படிப் புரிந்துகொள்வது? இயற்கைத் தேர்வு அந்தத் துண்டுகளின் மேல்தான் கைவைத்திருக்கிறது என்பதே என் வாசிப்பு. எல்லையைக் கடப்பது பறவைக்குச் சுலபம். அதன் நிறத்துக்குத்தான் கடினம்.

நிறம் பொய் சொல்லும் இடம்

நிறத்தை மட்டும் நம்பி மரபுவழியைச் சொல்வது ஆபத்து என்பதற்கு இதே பறவையில் அருமையான ஒரு சம்பவம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைப் பக்கம், கலப்பு மண்டலத்துக்கு ஆயிரக்கணக்கான கி.மீ. தள்ளி, சில மஞ்சள் ஃபிளிக்கர்களின் இறக்கையில் சிவப்பு இறகுகள் தெரிந்தன. மேற்குப் பறவையின் மரபணு இவ்வளவு தூரம் கசிந்து வந்திருக்கிறது என்று நீண்ட காலம் நம்பப்பட்டது. 2017-ல் ஜோசலின் ஹூடனும் சகாக்களும் அந்த இறகுகளில் இருந்த நிறமியையே பிரித்தெடுத்துப் பார்த்தார்கள். மேற்குப் பறவை உடலுக்குள் மாற்றிச் செய்யும் சிவப்பு அது இல்லை. ரோடோசாந்தின் என்ற வேறொரு நிறமி. பறவை செய்வதில்லை, பழத்திலிருந்து அப்படியே வருவது.

எந்தப் பழம்? கிழக்காசியாவிலிருந்து தோட்டச் செடியாகக் கொண்டுவரப்பட்டு, வேலி தாண்டிப் புதராகப் பரவிய ஹனிசக்கிள். கோடையில் பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் நேரமும் அந்தச் சிவப்புப் பழம் பழுக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. முளைக்கும்போது பழம் தின்ற நாட்களில் வளர்ந்த இறகு சிவக்கிறது; முன்னும் பின்னும் வளர்ந்தது மஞ்சளாகவே நிற்கிறது. அதனால்தான் ஒரே இறக்கையில் இரண்டு நிறம். இதே பழத்தால் சீடர் வாக்ஸ்விங் பறவையின் மஞ்சள் வால்நுனி ஆரஞ்சானது முன்பே தெரிந்த விஷயம். இங்கே கண்ணால் பார்த்து மதிப்பெண் போட்டிருந்தால் அந்தப் பறவைகள் கலப்பினப் பட்டியலில் சேர்ந்திருக்கும்.

கில்டெட் ஃபிளிக்கர் இன்னொரு பொறி. அதற்கு மஞ்சள் இறக்கை, மேற்குப் பறவையின் சாம்பல் தொண்டை, ஆணுக்குச் சிவப்பு மீசை. வடக்கே நெப்ராஸ்காவில் இப்படியொன்றைப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டு கலப்பினம் என்போம். ஆனால் இது சாகுவாரோ கள்ளிகளில் பொந்து குடைந்து பாலைவனத்தில் வாழும் தனி இனம்.

நேர்மாறான ஒரு மரங்கொத்தி

அதே கண்டத்தில் ஹேரி மரங்கொத்தி என்று கறுப்பும் வெள்ளையுமான ஒன்று இருக்கிறது. இதுவும் இடத்துக்கு இடம் மாறும் பறவைதான். வடக்கே பெரிய உடல், தெற்கே சிறியது. கிழக்கே இறக்கை நிறையப் புள்ளி, மேற்கே குறைவு. பசிபிக் கரையின் ஈரக்காடுகளில் வெள்ளை வயிறு மங்கிப் பழுப்பேறியிருக்கும். ஆனால் யார் பார்த்தாலும் ஒரே பறவை என்பார்கள். இதன் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வை 2011-ல் கிளிக்காவும் சகாக்களும் படித்தபோது மூன்று தெளிவான கிளைகள் வந்தன: வடக்கு வனங்களும் கிழக்கும் ஒன்று, மேற்கு ஒன்று, கோஸ்டா ரிகாவும் பனாமாவும் ஒன்று.

ஒன்றில் வெளியே இரண்டு, உள்ளே ஒன்று. மற்றதில் வெளியே ஒன்று, உள்ளே மூன்று. காரணத்தில் ஒரு பங்கு வாழ்க்கை முறையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஹேரி வலசை போவதில்லை. பிறந்த காட்டை ஒட்டியே வாழ்கிறது, மரம் இல்லாத வெளி அதற்குத் தடை. ஃபிளிக்கர் பறக்கிறது, திறந்த வெளியில் இறங்கி எறும்பு தின்கிறது, தனித்தனி மரங்கள் போதும். மரபணு கலப்பதற்கு இதைவிடத் தோதான குணம் வேறு வேண்டாம்.

யாழ்ப்பாணத்திலும் ஒரு மண்டலம்

இதை எழுத உட்கார்ந்தபோதே மனதில் ஓடிக்கொண்டிருந்தது நம் பொன்முதுகு மரங்கொத்தி. தமிழ்நாட்டில் தென்னந்தோப்புள்ள ஊரில் வளர்ந்த யாருக்கும் அதன் கீச்சுக் குரல் பழக்கம். பாக் நீரிணையைத் தாண்டினால் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இதே மஞ்சள் முதுகு. தெற்கே போனால் முதுகு இரத்தச் சிவப்பு. இலங்கைக்கே உரிய பறவை அது. இடையில் ஆரஞ்சு முதுகுப் பறவைகள். பிளாட் ஆற்றங்கரையின் கதை நம் வாசலிலேயே நடக்கிறது. பனியுகத்தில் கடல்மட்டம் இறங்கியபோதெல்லாம் இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மஞ்சளும் சிவப்பும் இங்கே பிரிந்ததும் சந்தித்ததும் எப்படி என்ற கேள்வி இன்னும் சுவையானது.

2016-ல் சமிந்த பெர்னாண்டோ, டேரன் இர்வின், சம்பத் செனவிரத்ன மூவரும் தோற்றம், மரபணு இரண்டையும் அளந்து, கலப்பு நடந்தாலும் சிவப்பு முதுகுப் பறவையைத் தனி இனமாகக் கொள்வதே பொருத்தம் என்ற முடிவுக்கு வந்தனர். அங்கே கலந்தும் இரண்டு இனம். அமெரிக்காவில் கலந்ததால் ஓர் இனம். முரண்பாடு என்று தோன்றலாம். ஒவ்வொரு வழக்கையும் அதன் எல்லையில் நடப்பதை வைத்துத்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது, பொதுச் சூத்திரம் இல்லை.

இழுப்பறை திறந்தபோது

ஷார்ட்டின் தோல்களுக்கு வருவோம். 2016 முதல் 2018 வரை பிளாட் ஆற்றுப் பாதையிலேயே மறுபடி பறவைகள் சேகரிக்கப்பட்டன. 1955 முதல் 1957 வரையிலான ஷார்ட்டின் பறவைகளையும் புதியவற்றையும் ஒரே முறையில் மதிப்பெண் போட்டு அகிலோனும் வேன்யா ரோவரும் 2022-ல் முடிவை வெளியிட்டார்கள். நிலையாக நிற்கிறது என்று 1985-ல் சொல்லப்பட்ட மண்டலத்தின் மையம், அறுபது ஆண்டில் ஏறக்குறைய 73 கி.மீ. மேற்கே, மலையை நோக்கி நகர்ந்திருந்தது. மஞ்சள் முன்னேறுகிறது, சிவப்பு பின்வாங்குகிறது.

எதனால்? இருபதாம் நூற்றாண்டில் ஆற்றங்கரை அப்படியே இருக்கவில்லை. மேலே அணைகளும் கால்வாய்களும் தண்ணீரைத் திருப்பியதால் பிளாட் ஆற்றின் வெள்ளம் குறைந்தது. முன்பு வெள்ளம் அடித்துக்கொண்டு போன மணல்திட்டுகளில் காட்டன்வுட் நாற்றுகள் நிலைத்துக் காடாகின. புல்வெளித் தீயை அணைத்தார்கள், பண்ணைகளைச் சுற்றிக் காற்றுத்தடுப்பு மரம் வைத்தார்கள், ஊர்களில் நிழல் மரம் வைத்தார்கள். கிழக்கத்திய தோப்பு போன்ற ஒரு நிலம் மேற்கே நீண்டது. கூடவே வெப்பமும் மழையும் மாறுகின்றன. கூட்டுக்குள் எண்ணியபோது பிடிபடாத சூழலின் கை, எல்லை நகர்ந்தபோது தெரிகிறது என்பது என் கணிப்பு. அதை உறுதியாகச் சொல்ல இதே பாதையில் இன்னொரு முறை நடக்க வேண்டும், அலாஸ்கா வரையுள்ள மற்ற பாதைகளிலும் நடக்க வேண்டும். 1955-ல் ஒவ்வொரு பறவையின் காலிலும் இடமும் தேதியும் எழுதிய சீட்டைக் கட்டி, பஞ்சு அடைத்து இழுப்பறையில் வைத்ததால்தான் இந்த 73 கி.மீ. நமக்குக் கிடைத்தது. யாழ்ப்பாணத்துக்கும் அனுராதபுரத்துக்கும் இடையே இன்று பார்க்கும் ஆரஞ்சு முதுகுகளுக்கும் அதேபோல இடமும் தேதியும் படமும் சேர்த்து வைத்தால், 2080-ல் யாரோ ஒருவர் அதையும் திறந்து ஒப்பிடுவார்.